தறிக்குடோனில் கத்திப் படித்த மெசேஜ்

புதிதாக வேலைக்கு வரும் ஆலோசகர்களுக்கு நான் சொல்வது என் சாமர்த்தியத்தை அல்ல, சொதப்பிய கதையைத்தான். அதில்தான் உருப்படியான விஷயம் இருக்கிறது.

சூலூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் வளரிளம் பருவத்தினருக்கான கிளினிக்கில் ஆலோசகராக இருந்தேன். செவ்வாய்தோறும் ஓ.பி. அங்கே வந்தவள் யமுனா, பிளஸ் ஒன் மாணவி. மாதவிடாய் வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காது. ஹீமோகுளோபின் ஏழு. மாத்திரை ஒரு மாதத்துக்குத்தான் தருவோம், ஆளைப் பார்த்த பிறகுதான் அடுத்த மாதத்துக்கு. முதல் ரிவியூவுக்கே அவள் வரவில்லை.

"ராதாமணி, இதுக்கு மேல கொறஞ்சா அந்தப் புள்ளைக்கு ரத்தம் ஏத்த வேண்டி வரும். எப்படியாச்சும் வர வைங்க" என்றார் டாக்டரம்மா.

போன் செய்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அவர்கள் வீட்டிலேயே எட்டு விசைத்தறி. அந்தச் சத்தத்தில் போன் அடிப்பது யாருக்குக் கேட்கும்? கிளினிக்குக்கு அப்போதுதான் எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு போன் கொடுத்திருந்தார்கள். பெரிய கெட்டிக்காரி போல டைப் செய்தேன்: "யமுனாவின் மாதவிடாய் சிகிச்சைக்குச் செவ்வாய் காலை 10 மணிக்கு வரவும்."

அம்மா வந்தார், மகள் வரவில்லை

செவ்வாயன்று யமுனாவின் அம்மா மட்டும் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங் மேடம், வயசுப்புள்ள சமாச்சாரத்த இப்படியா போன்ல போடுவீங்க?"

நடந்தது இதுதான். பாவு நூல் கொடுக்கும் ஜவுளிக்காரர் எதையும் மெசேஜில்தான் சொல்வாராம். அதனால் போன் தறிகள் ஓடும் குடோனின் ஜன்னலில் இருக்கும். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் எடுத்து, தறிச் சத்தத்தை மீறிக் கத்திப் படிப்பார்கள். அன்று ஜன்னலோரம் நின்றவர் தறி ஃபிட்டர். பாவு வந்துவிட்டது என்று நினைத்து முதல் வரியை முழுசாகக் கத்திவிட்டார். தறி நாடாவில் நூல் தீர்ந்த தார்க்குச்சியை மாற்றிக்கொண்டிருந்த யமுனாவுக்கும் கேட்டிருக்கிறது.

"ரண்டு நாளா சோறு திங்கலீங்க. இனி அந்த நம்பருக்கு எதும் அனுப்பிப்போடாதீங்க. அவளும் இங்க வர மாட்டா."

மன்னிப்புக் கேட்டேன். ஆளைப் பார்க்காமலேயே கொடுத்த அந்த மாதத்து மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பட்டியலிலிருந்து அந்த நம்பரை நானே நீக்கினேன். அம்மாவுக்கே இவ்வளவு என்றால், யமுனாவின் அப்பா எவ்வளவு கோபத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ரிவியூ தேதி போனது. மாத்திரையும் தீர்ந்திருக்கும். மெசேஜ் அனுப்பவும் பயம், அனுப்பாமல் இருக்கவும் பயம்.

தேடி வந்தவர்

இரண்டு செவ்வாய் கழித்து, ஓ.பி. முடியும் நேரத்தில் வாசலில் ஒருவர் நின்றார். சட்டையெல்லாம் பஞ்சு. பின்னால் வெளிறிய முகத்தோடு யமுனா. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றேன்.

"ஏனுங் மேடம், இந்த மாசம் மெசேஜ் வரலீங்களே?"

அவரை உள்ளே வரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"போன வாரமெல்லாம் காத்திருந்தேனுங்க. நேத்து பாத்தா மாத்திரை அட்டை காலியாக் கெடக்குது. எனக்குக் கேக்க வாய் வரலீங்க, புள்ளைக்குச் சொல்ல வாய் வரலீங்க. நீங்க அனுப்பினா, 'அம்மணி, கெளம்பு'ன்னு சொன்னாப் போதுமுங்க. அவங்கம்மா கோவத்துல பேசிப்போட்டாங்க. இப்ப போன் என் சட்டப் பாக்கெட்டுலதான் இருக்குதுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அன்றுதான் யமுனாவிடம் கேட்டேன்.

"கண்ணு, அப்பா போனுக்கு அனுப்பலாமா? என்னன்னு எழுதட்டும்?"

அவள் வெளியே அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். "அனுப்புங்க மேடம். எம்பேரு வேண்டாம், ஆஸ்பத்திரின்னும் வேண்டாம். 'செவ்வாய் பத்து மணி'ன்னு மட்டும் போடுங்க. அப்பாவுக்குப் புரியும்."

அன்று அவளுக்கு ஹீமோகுளோபின் ஆறரை. ரத்தம் ஏற்றித்தான் அனுப்பினோம். அதற்கு என் அவசரமும் ஒரு காரணம், அதை மறைக்க மாட்டேன்.

அதன்பின் மாதாமாதம் "செவ்வாய் பத்து மணி" என்று அனுப்புவேன். "சரிங்க" என்று பதில் வரும். செவ்வாயன்று ஒன்பதே முக்காலுக்கே இருவரும் பெஞ்சில் இருப்பார்கள். ஏழாவது மாதம் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டியது, மாதாமாத ரிவியூவும் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம். போன் யார் கையில் இருக்கும்? அதில் என்ன எழுதலாம்? இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது பிள்ளைதான்.

ஓய்வு பெற்ற அன்று கிளினிக் போனை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்குள் இருந்த அந்த ஏழு "சரிங்க"வையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.