மரியதாஸ் ஏறிப்போன ரோந்துக் கப்பல்

போன வாரம் மருமகன் என்னைப் பாசிர் கூடாங்கிற்குக் கூட்டிப்போனார். அவர் வேலை செய்கிற கப்பல் பட்டறையில், புதிதாகக் கட்டிய ரோந்துக் கப்பலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காட்டுகிற நாள். பேரப்பிள்ளைகள் முன்தளத்துப் பீரங்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கப்பலின் விலாவைத் தடவிப் பார்த்தேன். உரித்த முட்டைபோல் வழவழவென்று இருந்தது. ஓர் ஆணித்தலைகூடக் கையில் தட்டுப்படவில்லை. இப்போதெல்லாம் வெல்டிங்தானே.

"அங்கிள், தொடாதீங்கலா, பெயிண்டு இன்னும் காயல!" என்று காவலாளி சத்தம் போட்டார். அதற்குள் அடிப்பகுதியின் சிவப்புப் பூச்சு உள்ளங்கையில் ஒட்டிவிட்டது. முகர்ந்து பார்த்தேன், அந்தக் காலத்துப் பட்டறையின் அதே வாடை. அவ்வளவுதான், மரியதாஸ் வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் அந்த வாடை போகவில்லை. அவனும்தான்.

மரியதாசும் நானும் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில், ஒரே கூலிவீட்டு வரிசையில் பிறந்தவர்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்த சமயம், இருவரும் ரயிலேறி ஜொகூர் பாருவுக்கு வந்து, நீரிணைக் கரையிலிருந்த ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தோம். அதுவரை அங்கே கட்டியதெல்லாம் சரக்குப் படகுகள். நாங்கள் போன மறுவருடம்தான் ரோந்துக் கப்பல் வேலை வந்தது. முழுக்க இரும்பு. கரி அள்ளிப் போட வேண்டாம், எண்ணெயில் ஓடும் இயந்திரம். முன்னால் சிறு பீரங்கி, மேலே தேடுவிளக்கு. அப்போதைக்கு அதைவிட நவீனமான கப்பலை நாங்கள் பார்த்ததில்லை. இன்று பாசிர் கூடாங்கில் நிற்பதன் தளத்தில் அதைத் தூக்கி வைத்துவிடலாம் என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு ரிவெட்டு அடிக்கிற வேலை. பழுக்கக் காய்ச்சிய குமிழ் ஆணியைத் தகடுகளின் துளையில் செருகி, உள்ளேயிருந்து ஒருவன் கனத்த இரும்பால் அதன் தலையை முட்டுக்கொடுத்துப் பிடிப்பான். வெளியேயிருந்து ஒருவன் மறுமுனையைச் சம்மட்டியால் அடித்து நசுக்குவான். உள்ளே மரியதாஸ், வெளியே நான். நடுவில் தகடு. நாள் முழுக்க முகம் பார்க்காமல், தட்டுகிற சத்தத்திலேயே பேசிக்கொள்வோம். அந்தச் சத்தத்தின் புண்ணியத்தில் என் இடது காது இன்றைக்கும் மந்தம். பேத்திக்கு அது வசதி. பாட்டுப் பெட்டியை என் இடப்பக்கம் வைத்துக்கொள்வாள்.

கப்பலைத் தண்ணீரில் இறக்கிய அன்று பட்டறையே திரண்டு நின்றது. ஒரு துரைசாணி அம்மாள் முகப்பில் புட்டியை அடித்து உடைத்தார். கட்டைகளின்மேல் வழுக்கிக்கொண்டு போய் அது மிதந்து நிமிர்ந்தபோது நான் அடித்த ஆணி வரிசையைக் கண்ணால் தேடினேன். வெள்ளைக்காரன் வரைந்தான், சீனத் தச்சர்கள் சாரம் கட்டினார்கள், எல்லாம் சரி. ஆனால் அது என் கப்பல் என்றே நினைத்தேன்.

பிறகு மாலுமிகளாக உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று கப்பல் கேப்டன் வந்தார். எங்களை வரிசையில் நிற்கவைத்து, எங்கள் மேஸ்திரி மலாயில் கேட்டார். "சியாப்பா பண்டாய் பெரெனாங்?" நீச்சல் தெரிந்தவன் யார் என்று அர்த்தம். எனக்கு நீந்தத் தெரியாது. பெக்கோக் ஆற்றில் மரியதாஸ் குதித்து விளையாடியபோது நான் கரையிலிருந்து அவன் சட்டையைக் காவல் காத்தவன். ஆனாலும் கை தானாக மேலே எழுந்தது. பாதியில் புத்தி வந்து, தலையைச் சொறிவதுபோல் பாவனை செய்துகொண்டேன். மரியதாஸ் கையை முழுதாகத் தூக்கினான். எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் தினமும் சாயங்காலம், நான் கை கால் கழுவிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து அந்தக் கப்பல் பட்டறையைக் கடந்து கிழக்கே போகும். அபின் கடத்துகிறவர்களைப் பிடிக்கவும், ஆற்று முகத்துவாரத்தைக் காவல் காக்கவும் போகிறது என்பார்கள். தளத்தில் வெள்ளைச் சீருடையில் மரியதாஸ் நின்று கை காட்டுவான். நான் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். என் கால்கள் அவ்வளவு சுத்தமாக வேறெந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்தக் கப்பல் எங்கேயாவது ஒழுகித் தொலையட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். உடனே பதறுவேன். அடித்தவன் நானல்லவா? ஒழுகினால் ஊர் என்னைத்தானே கேட்கும்? நிம்மதியாகச் சாபம் விடுவதற்குக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சர்ச்சுக்குப் போய்விட்டு, சீருடையோடு எங்கள் வீட்டுக்கு வருவான். எனக்குக் கல்யாணமான புதிது. என் மனைவி சிவகாமி அவனுக்குப் பெரிய கோப்பையில் காப்பி கொடுப்பாள். அவன் அலையையும் மழையையும் அவிழ்த்துவிட, அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். அவன் போனதும், "அண்ணன் எப்படிக் கறுத்துட்டாங்க, பாத்தீங்களா?" என்பாள். நானும் வெயிலில்தான் வேலை செய்தேன். என் கறுப்பு யார் கண்ணிலும் படவில்லை.

அந்த வருடக் கடைசியில் பெருமழைக் காலம். சிவகாமி, அக்காவின் பிரசவத்திற்காகப் பெங்கேராங் போயிருந்தாள். அப்போது அங்கே போகவர கடல்வழிதான். அவள் திரும்பி வந்த படகு ஜொகூர் ஆற்று முகத்துவாரத்தில் அலையில் கவிழ்ந்துவிட்டது. இது எதுவும் தெரியாமல் நான் பட்டறையில் சம்மட்டியோடு நின்றேன். பட்டப்பகலில் ரோந்துக் கப்பல் எங்கள் துறைக்கு வந்தது. கம்பளி போர்த்திய ஆட்களை ஒவ்வொருவராக இறக்கினார்கள். கூட்டத்தோடு வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு கம்பளிக்குள் சிவகாமியின் முகம் இருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவள் பல் கிடுகிடுக்க, "அண்ணன்தாங்க குதிச்சாங்க... முடியைப் பிடிச்சு இழுத்தாங்க," என்றாள். பக்கத்தில் மரியதாஸ், சொட்டச் சொட்ட, கையில் அவளுக்கான சுடுதண்ணீர்க் குவளையோடு நின்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது சத்தியமான அழுகை. நிம்மதிதான் முதலில் வந்தது. ஆனால் அதன் பின்னாலேயே, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், மற்றதும் உள்ளே வந்துவிட்டது. என் மனைவியைக் காப்பாற்றக்கூட அவன்தானா?

அவனுக்கு என் முகம் புரிந்திருக்க வேண்டும். "அந்த அலையில கப்பல் அப்படி ஆடுச்சுடா. நீ அடிச்ச ரிவெட்டு ஒண்ணுகூட அசையல," என்றான். பிச்சை வாங்குகிறவனைப்போல் அதை வாங்கிக்கொண்டேன்.

அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சிவகாமி அந்தக் கதையைச் சொன்னாள். ஒருநாள் பொறுக்காமல் நடுவில் புகுந்தேன்.

"அந்தக் கப்பலை அடிச்சது யாரு? அதையும் சொல்லேன்."

"கப்பலா தண்ணியில குதிச்சிச்சு?" என்றாள்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு தகராறு செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

ஓரிரு வருடங்களில் கப்பலை வடக்கே, பினாங்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மரியதாஸ் சொல்லிக்கொள்ள வந்தபோது சிவகாமி அழுதாள். நான் துறைவரை கூடப்போய் வழியனுப்பினேன். அன்று சாயங்காலம் காலைக் கழுவிவிட்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமைப்பட ஆள் இல்லாமல் ஒரு மாதிரி வெறிச்சென்று இருந்தது.

அப்புறம் யுத்தம் வந்தது. கப்பல் முங்கியது என்றார்கள், உடைத்து விற்றார்கள் என்றார்கள். மரியதாசைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. பட்டறை இருந்த கரையைத் தூர்த்துச் சாலை போட்டுவிட்டார்கள். அந்த வழியே கார் போகும்போது இடத்தைக் காட்ட நினைப்பேன், அதற்குள் தாண்டிவிடும்.

சிவகாமி மட்டும் விடவில்லை. மகன், மகள், மருமகன், பேரன் என்று வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் சாப்பாடான பிறகு உட்காரவைத்து, அந்தக் கம்பளியிலிருந்து ஆரம்பிப்பாள். மரியதாஸ் குதிக்கிற இடம் நெருங்கினால் நான் மெல்ல எழுந்து, ஏதோ வேலை இருப்பதுபோல் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். நாற்பது வருடத்துக்கு மேல் இப்படியே போனது. அவள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது சாப்பாடானதும் பிள்ளைகள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். எழுந்து போகவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.