தெற்கு வாசலும் தேயிலை ஜன்னலும்

மயிலாப்பூரில் நான் தற்காலிக குமாஸ்தாவாக இருந்த கம்பெனியின் கட்டடம் தேயிலைக்காகவே வெள்ளைக்காரன் காலத்தில் கட்டப்பட்டது. ருசி பார்க்கும் அறை வடக்குப் பார்த்தது. வெயில் நேரே விழாத வெளிச்சத்தில்தான் டீயின் நிறம் சரியாகத் தெரியுமாம். அதற்காக ஆளைவிட உயரமான ஜன்னல்கள். தெற்கே குதிரை வண்டி வந்து நிற்கும் அளவுக்கு போர்ட்டிகோ, இரட்டைத் தேக்குக் கதவு. வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த வாசலில் என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் இரும்பு தூக்கும் அப்பா, "பர்மனென்ட் ஆய்ட்டியா நைனா?" என்று தினமும் கேட்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரெல்லாம் வாஸ்து. புது மேனேஜரும் ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். தெற்கு வாசல் வழியாக யாராவது உள்ளே வந்தால் மேனேஜர் பதவிக்கு ஆபத்து என்று அவர் சொல்லிவிட்டுப் போக, தேக்குக் கதவைப் பூட்டிவிட்டார்கள். பின்வாசலை எப்போதோ அடைத்துக் கழிவறை கட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ருசி அறை ஜன்னல். வெளியே ஒரு மரப்படி, உள்ளே ஒரு மரப்படி போட்டார்கள். ருசி பார்ப்பவர் ஒரு வாய் டீயை உறிஞ்சித் துப்பிவிட்டு, ஜன்னலேறி வரும் ஏஜென்டைக் கை கொடுத்து இறக்கிவிட்டு, அடுத்த கோப்பைக்குப் போவார். வேட்டி கட்டியவர் ஏறும்போது மற்றவர்கள் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மரியாதையும் ஏற்பட்டது.

அந்தச் சமயத்தில் என்னை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்ய கல்கத்தாவிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். அவர் சம்மதிக்காவிட்டால் மாதக் கடைசியில் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாலக்காட்டுக்காரர், நல்ல பருமன், முழங்கால் மடங்காது. ஜன்னலைக் காட்டியதும் போர்ட்டிகோவில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அட்டெண்டர் உள்ளே வந்தார். "வெளியவே குந்திக்கினு கீறாரு சார். கதவத் தொறக்கலேன்னா அப்டியே ஊருக்குப் போய்டுவேன்றாரு. பையன் மேட்டரு அவ்ளோதான்."

மேனேஜர் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார். கெட்டவர் இல்லை, கண் கலங்கியிருந்தது. "உன் வேலை முக்கியம்தான்பா. என் வேலையும் இருக்கே," என்றார்.

நான் உண்மையான சந்தேகத்தோடுதான் கேட்டேன். "வரத்தானே சார் கூடாது? போகலாமில்ல?"

வாஸ்துக்காரருக்கு போன் போட்டார்கள். போவதில் தோஷமில்லை என்றார். உடனே கதவு திறந்தது. அதிகாரிக்கு எடுத்துச் சொல்ல என்னை வெளியே அனுப்பினார்கள். முகம் தெருவைப் பார்த்திருந்தால் போதும் சார், கதவைப் பொறுத்தவரை நீங்கள் போகிறீர்கள் என்று விளக்கினேன். எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்டார். பி.காம் என்றேன். அவர் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். நானும் வெளியே வந்துவிட்டதால் எனக்கும் அதே வழிதான். இருவரும் கைகோத்து, தெருவைப் பார்த்தபடியே, பின்னால் பின்னால் நடந்து உள்ளே போனோம். எதிர்ப்பக்கம் இருந்த பூக்காரம்மா எங்களுக்குக் கையசைத்து விடைகொடுத்தார்.

உள்ளே உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இப்போ நான் உள்ள வந்திருக்கேனா, வெளிய போயிருக்கேனா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். அதிகாரியும் என்னைப் பார்த்தார்.

"உக்காந்திருக்கீங்க சார்," என்றேன்.

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "இவனைப் பர்மனென்ட் பண்ணிடுங்கோ. இல்லேன்னா நான் இன்னொரு தடவை வரணும்."

அன்று இரவு அப்பாவிடம் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். இன்டர்வியூவில் கேள்வியெல்லாம் கஷ்டமா என்று கேட்டார். கஷ்டம்தான் என்றேன்.