பாதாளம் மேடமும் மூன்றாவது தூணும்

பெரிய ஆற்றுப் பாலங்களுக்கு அஸ்திவாரம் வடிவமைப்பது அவர் வேலை. பாலம் முடிந்ததும் அவர் செய்ததெல்லாம் தண்ணீருக்கும் மண்ணுக்கும் அடியில் மறைந்துவிடும். திறப்பு விழாவில் கைதட்டல் வாங்குவதென்னவோ விளக்குக் கம்பங்களுக்கு வண்ணம் தேர்ந்தெடுத்த புண்ணியவான். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் பாதாளம் மேடம்.

அந்த வருஷம் தலைமை வடிவமைப்பாளர் நாற்காலி காலியானது. தனக்குத்தான் கிடைக்கும் என்று மேடம் வெளிப்படையாகவே ஆசைப்பட்டார். ஆசை வெட்கமறியாது.

அந்த நேரம் பார்த்துத்தானா, கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் மூன்றாவது தூணுக்காக ஆற்றடியில் போட்ட துளையில் பாறை தட்ட வேண்டும்? களத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இளைய பொறியாளர் போனில் கூப்பிட்டார்.

"பாறை வந்துடுச்சு மேடம். கான்கிரீட் போட்டுடலாமா?"

ஆற்றுக்கடியில் தட்டுவதெல்லாம் அடிப்பாறை ஆகிவிடாது. என்றோ வெள்ளம் உருட்டி வந்த குண்டுக்கல்லாகவும் இருக்கலாம். அதை நம்பித் தூணை நிறுத்தினால், கல் அசையும் நாளில் தூணும் கூடவே கிளம்பிவிடும்.

"இன்னும் ஆழமாத் துளைச்சுப் பாருங்க."

"பக்கத்துத் துளையிலயும் இதே ஆழத்துலதான் மேடம் பாறை."

"பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டா நம்ம பசி போயிடுமா? துளைங்க."

துளைத்தார்கள். இயந்திரத்தின் பல் உடைந்தது, வேலை நின்றது, மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கடைசியில் பார்த்தால் அடிவரை பாறை. சந்தேகத்துக்கு இடமே வைக்காத, அசைக்க முடியாத பாறை. 'சட்டென்று முடிவெடுக்கத் தெரிந்தவர்' என்று நாற்காலியை அந்த இளைய பொறியாளருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தூண் நிற்கும் என்ற நிம்மதியும் நாற்காலி போன அழுகையும் மேடத்துக்கு ஒன்றாகவே வந்தன.

"உன் சந்தேகத்துக்கு ஒரு சிலையே வைக்கலாம்," என்றார் கணவர்.

"வைங்க. அதுக்கும் ஆழமா அஸ்திவாரம் கேட்பேன்."

அடுத்த மாதம் புதுத் தலைவர் மேடத்தை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். முகம் பேயறைந்தது போலிருந்தது.

"ஆறாவது தூண்லயும் பாறை வந்துடுச்சாம் மேடம்."

"அப்ப கான்கிரீட் போடச் சொல்ல வேண்டியதுதானே?"

"இப்ப கையெழுத்து என்னுது மேடம்... குண்டுக்கல்லா இருந்துட்டா?" எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உட்காருங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மேடம் உட்கார்ந்து மண் பரிசோதனை அறிக்கையைப் புரட்டினார். "துளைக்கச் சொல்லுங்க."

தலைவர் நின்றபடியே களத்துக்குப் போன் போட்டார். குரலில் கம்பீரத்துக்குக் குறைவில்லை.

"என்னய்யா அவசரம்? இந்த மாதிரி விஷயத்துல நான் எப்பவுமே நிதானம். துளைங்க!"