நான் வெட்டாமல் விட்ட கிளை

கத்தியோடு ஏணியில் கால் வைத்தபோது, "அண்ணே, ஒரு நிமிசம்" என்று குரல் கேட்டது.

எழுபதுகளின் கடைசி. நான், சோணைமுத்து, மின்வாரியத்தில் லைன்மேன். ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் புளியமரங்கள் லைனில் உரசின. மாசி மாதம் ஷட்டவுன் வாங்கி, கரண்டை நிறுத்திவிட்டுக் கிளை கழிக்கப் போயிருந்தோம். கூப்பிட்டவர் கல்லூரி டீச்சர் சரோஜா. நான் ஏறவிருந்த மரத்தின் நடுக்கிளையில் கொத்தாக வளர்ந்த ஆர்க்கிட் செடிகளை மூன்று வருஷமாக எண்ணி, ஆராய்ச்சிக்கு எழுதி வந்தவர்.

"அது புல்லுருவிதானம்மா? மரத்த உறிஞ்சிப்புடும்ல?" என்றேன்.

"இல்லண்ணே. சும்மா தொத்திக்கிட்டு இருக்கு, அம்புட்டுதான். அந்தக் கிளைய மட்டும் விட்டுருங்க. இது போச்சுன்னா என் மூணு வருசமும் போச்சு."

போர்மேன் முறைத்தார். "மரத்துக்குப் பாவம் பாத்தா லைன் ட்ரிப் ஆகி ஊருக்கே கரண்ட் போயிரும், பாத்துக்க."

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கிளையில் கத்தி படவில்லை. லைனைத் தொட்ட உச்சிக் கிளைகளைச் சுத்தமாகக் கழித்துவிட்டு, பெரிய மனுஷன் நினைப்பில் இறங்கினேன்.

சித்திரையில் அந்த வழியே போனபோது டீச்சர் மரத்தடியில் நின்றார். செடிகள் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தன.

"கிளைய விட்டுட்டீங்கண்ணே. அதுக்கு மேல இருந்த நிழல எடுத்துட்டீங்க."

கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால் தேவலை. அழகர்மலைக் காட்டு மரங்களில் உச்சி வெயிலுக்கு ஒரு செடி, நடுவில் இலை வடிகட்டிய வெளிச்சத்துக்கு ஒரு செடி, சருகும் ஈரமும் தங்கும் கவட்டையில் பெரணி என்று உயரத்துக்கு உயரம் குடித்தனம் மாறுமாம். இந்தப் புளியமரத்திலும் அதே கணக்குதான் என்றார். வீட்டை விட்டுவைத்துக் கூரையைப் பிரித்திருக்கிறேன் நான்.

"இப்ப நான் என்ன செய்யணும் டீச்சரம்மா?"

"ஏறி எண்ணிச் சொல்லுங்க. செத்ததையும் எழுதணும்ல."

இருபத்தொன்றில் நான்கு உயிரோடு இருந்தன. நான்கும் கிளையின் அடிப்பக்கம், வெயில் படாத இடம். மேலே ஒரு தென்னங்கீற்றுக் கட்டட்டுமா என்று பயந்துகொண்டே கேட்டேன். ஆராய்ச்சியில் கை வைக்கலாமோ என்னவோ.

அவர் நோட்டைத் திறந்தார். "கட்டுங்க. கட்டுனதையும் எழுதிக்கிறேன்."

அடுத்த வருஷம் மூன்று பூத்தன. டீச்சரின் ஆராய்ச்சியும் நிற்கவில்லை. மேல் நிழல் போனால் கீழே என்ன ஆகும் என்பதே அதில் தனிப் பகுதியானது. கிளை கழிக்கப் போகும் தம்பிகளே, லைனுக்கு எத்தனை அடி என்று பார்க்கிற கண்ணால், அந்தக் கிளையின் நிழலில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பூத்த அன்று டீச்சர் நோட்டைக் காட்டினார். உச்சிக்கிளை வெட்டியவர்: சோணைமுத்து. இரண்டு வரி தள்ளி, கீற்றுக் கட்டியவர்: சோணைமுத்து.