நாய் கடித்த நவஹோ கேடயம்

1. வேலைக்கு வந்த கதை

என் முதல் நாள் வேலை, வெட்டுப்பட்ட தலை ஒன்றுக்கு முடி ஒட்டுவது. களிமண் தலைதான். ஆனாலும் ஜெர்மனியில் வுப்பர்டால் நகரில் வருடக்கணக்காக உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு அது ராஜபோகமாக இருந்தது.

ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு திறந்தவெளி நாடக மேடை. அங்கே நான் ரெக்விசிட்டர். நடிகர் கையில் எடுக்கும் வாள், குடை, தலை எல்லாவற்றையும் செய்து கொடுப்பவருக்கு அதுதான் பெயர். முதல் ஆறு மாதம் ப்ரோபெட்சைட், அதாவது பரீட்சைக் காலம். பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் எனக்குத் திரும்பவும் கோப்பைதான். அந்த நினைப்பு வந்தாலே கை விரல்கள் ஊறத் தொடங்கிவிடும்.

ஜெர்மன்காரர்களுக்குக் கோடையில் காட்டு மேடையில் அமெரிக்கப் பழங்குடிக் கதை பார்க்காவிட்டால் மனம் நிறையாது. தலையிலிருந்து முதுகு வரை இறகுத் தோகை தொங்க வேண்டும். அந்த வருடம் இயக்குநராக வந்த பெட்ரா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஜெர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் சொல்கிறேன்.

“சிவா, இந்த முறை நவஹோ ஆக்களின்ரை கதை. இந்தத் தோகை அவையின்ரை இல்லை. அவை இண்டைக்கும் இருக்கிற சனம். நாங்கள் கண்டபடி செய்ய ஏலாது.”

அருங்காட்சியகம் ஒன்றில் எடுத்த படங்களை மேசையில் பரப்பினார். வெளிப்பக்கம் மிருக நரம்பு ஒட்டி உறுதியாக்கிய வில், ஈட்டி, வட்டக் கேடயம். தலையோடு ஒட்டிய தோல் தொப்பி, உச்சியில் சின்ன இறகுக் கொத்து. நாண் சுண்டி அடிக்காமல் மணிக்கட்டில் கட்டும் காப்பு. அம்பைத் தடுக்க மான் தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கவசம். சம்பளமும் தந்து வில் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? எனக்குப் புரியவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் போய் இருந்தார்.

இது பிடிக்காதவர் ஒருவர்தான். மேடைச் சங்கத்தின் தலைவர் பிரிங்க்மான், ஓய்வுபெற்ற காப்புறுதி முகவர். “தோகை இல்லாட்டி சனம் வராது. முதற்காட்சி பிழைச்சால் உம்மடை ப்ரோபெட்சைட்டும் அதோடை சரி” என்று என்னிடம் நேரே சொன்னார். பெட்ராவிடம் சொல்லப் பயம்.

2. தோல் தேடிய படலம்

மான் தோல் வேட்டைக்காரர்களிடம் கிடைத்தது. கேடயத்துக்குத்தான் இழுபறி. அதற்குப் பதனிடாத பச்சைத் தோல் வேண்டும். ஊறவைத்து, இழுத்துக் கட்டிக் காயவிட்டால் பலகை போல இறுகும். தோல் தொழிற்சாலைகளில் எல்லாம் பதனிட்டது. அலைந்து அலைந்து கடைசியில் பிடித்தேன்: நாய்கள் கடித்து விளையாடும் தோல் எலும்பு செய்கிற தொழிற்சாலை! பெரிய பெரிய தோல் தாள்கள், சுத்தமானவை, இறைச்சி போல மணக்க லேசாகப் புகை போட்டவை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கேடயம் காய்ந்ததும் தட்டினால் பறை மாதிரிச் சத்தம் போட்டது. மேலே வர்ணம் பூசினேன். போர்வீரனாக நடித்த ஊவே, பகலில் தபால்காரன், முகர்ந்து பார்த்துவிட்டு, “சிவா, எனக்குப் பசிக்குது” என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கவசத்தைப் போட்டதும் அவன் முகம் மாறியது. “கையைத் தூக்க ஏலாது. வயித்திலை கதவைக் கட்டின மாதிரிக் கிடக்கு.”

பிரிங்க்மான் எட்டிப் பார்த்தார். “ஒரு அடுக்குப் போதும். மற்றதைக் கழட்டும். ஆர் எண்ணப் போகினம்?”

படத்தில் உள்ளதற்கு ஒரு அடுக்குக் குறைந்தாலும் பெட்ரா என்னை உரித்துவிடுவார். கக்கத்தை மட்டும் அகலமாக வெட்டிவிட்டு அடுக்குகளை அப்படியே விட்டேன்.

3. முதற்காட்சி

முதற்காட்சி ஞாயிறு பின்னேரம். மழை. பார்வையாளருக்குக் கூரை உண்டு, மேடைக்கு இல்லை. ஜெர்மன்காரர் மழைக்கு அசையமாட்டார்கள், நாடகம் நடக்க வேண்டும். வழமைபோலப் பலர் நாயோடு வந்திருந்தார்கள். பிரிங்க்மானும் முன்வரிசையில் தன் பெரிய நாய் பெல்லாவோடு இருந்தார்.

சண்டைக் காட்சி. ஊவே கேடயத்தைத் தூக்கினான். அது மழையைக் குடித்து, நமுத்த அப்பளம் போல மடிந்து தொங்கியது. புகைத் தோலின் வாசம் கிளம்பியது. மூன்றாவது வரிசையில் ஒரு நாய் ஊளையிட்டது. பிறகு எல்லா நாய்களும். எனக்கு விஷயம் விளங்குவதற்குள் பெல்லா வாரைப் பிடுங்கிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டது.

ஊவே ஈட்டியை ஓங்கினான். தலைவரின் நாய் என்று கண்டதும் கீழே போட்டான். பெல்லா கேடயத்தைக் கவ்வியது, அவனும் அதை விடவில்லை. எதிரிகளாக நடித்தவர்கள் துப்பாக்கியோடு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் ஓடிப்போய் ஊவேயின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கேடயம் கிழிந்தது. வாசத்தில் வெறிகொண்ட பெல்லா பாய்ந்து ஊவேயின் விலாவில் ஒரே கவ்வு.

சரி, என் சோலி முடிந்தது என்று நினைத்தேன். கண்ணீரே வந்துவிட்டது.

பிரிங்க்மான் மழைக்கோட்டோடு மேடைக்கு ஓடிவந்து பெல்லாவைப் பிடித்தார். முகம் சுண்ணாம்பு. “ரத்தமோ? ரத்தமோ?” காப்புறுதிக்காரனுக்கல்லவா தெரியும், நாய் கடித்தால் என்ன வருமென்று.

ஊவே கவசத்தைத் தூக்கினான். மேல் அடுக்கில் ஓட்டை. அடுத்ததிலும் ஓட்டை. மூன்றாவதில் வெறும் பல் அடையாளம். உள்ளே வெள்ளை வயிறு, கீறல்கூட இல்லை.

“நான் தபால்காரன்!” என்று ஊவே கத்தினான். உடுப்பில் மைக் இருந்ததை மறந்துவிட்டான். “எத்தினை நாய் கடிச்சிருக்கு! இதைத் தபால் கந்தோரிலை ஏன் ஒருத்தரும் தரேல்லை?”

சிரிப்பில் கூரை ஆடியது. கைதட்டல் ஓயாமல் எதிரிகள் சாகவும் முடியாமல் நின்றார்கள். தோகையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

நாடகம் முடிந்ததும் பிரிங்க்மான் வந்தார். “அந்தக் கேடயத் தோல் எங்கை எடுத்தனீர்?” சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

“நீர் அடுக்கைக் கழட்டாதது நல்லதாப் போச்சு. நாளைக்கு வந்து கையெழுத்து வையும். நிரந்தரம். அடுத்த கேடயம் ஒட்டுப்பலகையிலை!”

மனைவிக்குப் போன் எடுத்தேன். “வசந்தி, வேலை நிரந்தரம்.”

“ஐயோ, உண்மையாவோ? பிறகு ஏன் அழுறியள்?”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தச் சாமானையும் மேடைக்கு ஏற்றுமுன் நனைத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். நாயோடு யாராவது வருவார்களா என்று கேளுங்கள். ஆனால் பழைய ஆட்கள் போட்ட அடுக்கை மட்டும் குறைக்காதீர்கள். எங்கேயோ, எப்போதோ, ஒரு நவஹோ மனிதர் ஒரு அடுக்குப் போதாது என்று கண்டுபிடித்திருக்கிறார். நான் வேலையில் நின்றது அவரால்.