மண்ணீரலில் விழுந்த அடி

எழுவைதீவில் குருசுமுத்தரோடு மல்லுக்கு நின்றவன் ஒருவன்தான்: சொந்தத் தம்பி அன்ரனிதாஸ். இரண்டு வருடத்துக்கு முன் நண்டுவலைச் சண்டையில் துடுப்பை ஓங்கி அண்ணனின் இடது விலாவுக்குக் கீழே போட்டான். இரண்டு மாதத்தில் அதே இடம் கல்லாய் வீங்கியது. மண்ணீரல் வீக்கம், இரத்தப் புற்றுநோய் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அடித்த இடம்தானே வீங்கியது? குருசுமுத்தருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. தினமும் விழுங்கிய குளிசை நோயை அடக்கி வைத்தது. அவரும் கோபத்தை அடக்கி வைத்தார்.

நேற்று டொக்டர், நோய் முற்றிவிட்டது, குளிசைக்கு இனிக் கேளாது என்றார். மிச்சத்தைக் கேட்க மகள் நிரோஜினிதான் இருந்தாள். இவர் எழும்பி நடந்துவிட்டார். இன்று காலை மீன் குத்தும் மண்டாவைத் தூக்கிக்கொண்டு, தம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கடற்கரை வாடிக் குடிசைக்குள் புகுந்தார்.

"உன்ரை அடியாலைதான்ரா சாகப்போறன். தனியப் போகமாட்டன்!"

மண்டா தொடையில் புகுந்து மணலில் குத்தி நின்றது. அன்ரனிதாஸ் அலறியபடியே மற்றக் காலால் அண்ணனின் முகத்தில் உதைத்தான். குருசுமுத்தரின் மூக்கால் பாய்ந்த இரத்தம் நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது ஒரே படகு. குத்தினவரும் குத்துப்பட்டவனும் எதிரெதிரே கிடந்தார்கள். நடுவில் நிரோஜினி, அந்தத் தீவிலிருந்து பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்துக்குப் போன முதற்பிள்ளை, சித்தப்பாவின் தொடையை அவன் உடுத்திருந்த சாரத்தால் இறுக்கிக் கட்டிவிட்டுத் தகப்பனின் மூக்கை அமத்திப் பிடித்தாள்.

"அப்பா, நாலு வருசத்துக்கு முதல் உங்களுக்குத் திருக்கை முள்ளு ஏறினதெல்லே? அண்டைக்கு எடுத்த ரிப்போட்டை டொக்டர் நேற்றுக் காட்டினவர், அதிலேயே ரத்தத்திலை வெண்குழியம் கூடிக் கிடக்குது. சித்தப்பா அடிக்க முந்தியே நோய் இருந்திருக்கு!"

"அப்ப ஏன் இப்ப முத்தினது?" மூக்கடைபட்ட குரலில் உறுமினார்.

"கலத்துக்குள்ளை பரம்பரையலகெல்லாம், ஜீன் எண்டு சொல்லுறது, நூல்கட்டையிலை நூல் மாதிரிச் சுத்திக் கிடக்கும். அதுதான் குரோமற்றின். இறுகிக் கிடக்கிறது வேலை செய்யாது, தளர்ந்தது செய்யும். உங்களுக்கு முதல் ஒரு பரம்பரையலகு உடைஞ்சு மாறி ஒட்டினது. அதைக் குளிசை அடக்கினது. இப்ப அந்தச் சுத்தைப் பாக்கிற பரம்பரையலகும் பழுதாப்போச்சு. மூடிக் கிடக்கவேண்டியது திறந்திட்டுது. முத்தாத வெண்குழியம் கண்டபடி பெருகுது. ஒருத்தற்றை அடியும் இதைச் செய்யேலாது."

குருசுமுத்தர் தம்பியின் தொடையைப் பார்த்தார். சாரம் ஊறிச் சொட்டியது.

"இன்னும் கேளுங்கோ. மருந்தேத்தி நோய் அடங்கினா, கொழும்பிலை எலும்பு மச்சை மாத்தலாமாம். கூடப் பிறந்ததின்ரை பொருந்த நாலிலை ஒரு பங்கு இடமிருக்காம். உங்களுக்கு இருக்கிறது சித்தப்பா ஒராள்தான். அவரைத்தான் குத்தியிருக்கிறியள்!"

அவள் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள்.

அன்ரனிதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"என்ரை ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லு பிள்ளை. பொருந்தினாக் குடுப்பன். இந்தாள் செத்துப்போனா நான் ஆருக்குத் திருப்பிக் குத்திறது?"

சொல்லிவிட்டு நல்ல காலால் அண்ணனின் முழங்காலில் ஒரு உதை விட்டான். குருசுமுத்தர் காலை இழுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.