நான்கிலிருந்து பதினொன்றுக்கு

அந்தப் பாட்டின் சுருதியை நான் இறக்கியது அது தவறாக இருந்ததாலா, நன்றாக இருந்ததாலா? மூன்று மாதமாகியும் எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சிவகாசியில் ஒரு காகிதக் கடையின் மாடியில் பெண்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும் ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசைத் தொகுப்பை வாராவாரம் செய்து கொடுப்பேன். கல்லூரி நாட்களில் பழகிய வேலை. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை அதன்மேல் ஏற்ற வேண்டும். இரண்டின் வேகமும் நிமிடத்துக்கு 126 அடி என்று ஒன்றாக இருக்க வேண்டும். சுருதியும் மோதக் கூடாது. சுருதிக்கு ஒரு சக்கரம் இருக்கிறது, கடிகாரம் போலப் பன்னிரண்டு எண்களோடு; ஒவ்வொரு பாட்டின் சுருதிக்கும் அதில் ஓர் எண். நான்காம் எண் பாட்டிலிருந்து மூன்றுக்கோ ஐந்துக்கோ போகலாம், நான்கிலேயே இருக்கலாம். அதற்கு மேல் குதிக்கக் கூடாது என்று படித்தேன். நான் குதித்ததில்லை.

மகன் பிறந்த பிறகு நேரம் போதவில்லை. கல்லூரியில் படிக்கும் நாத்தனாரை உதவிக்கு உட்கார வைத்து, சக்கரத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பத்து நாளில் அவள் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஹெட்போனை இரண்டு காதிலும் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு அது முடியாது. ஒரு காது தொட்டிலுக்கு வேண்டும். கணவர், எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகத்தில் இருக்கிறார். தூரத்தில் என்ன சத்தம் கேட்டாலும் கை போனுக்குப் போய்விடும். அவளுக்கும் அவர் அண்ணன்தானே, அவளுக்கு மட்டும் எப்படி இரண்டு காதும் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பயிற்சி கொடுக்கும் அக்கா கேட்டார்.

“ஏம்மா, இந்த வாரத்துது நீ போட்டதா?”

“இல்லக்கா, எங்க நாத்தனா.”

“அதான பாத்தேன். கால் தானாப் போகுது. இனி அந்தப் புள்ளையவே போடச் சொல்லு. கைக்குழந்தய வச்சிக்கிட்டு நீ எம்புட்டுத்தான் பாப்ப?”

அன்பாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டில் மகன் அவள் மடியில் உட்கார்ந்து, லேப்டாப்பில் ஓடிய தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பசிக்கும் என்று சொல்லித் தூக்கிக்கொண்டேன். அவனுக்குப் பசியில்லை.

அடுத்த வாரத் தொகுப்பை, அவள் கல்லூரிக்குப் போன பிறகு, மகன் தூங்கும் மதிய நேரத்தில் கேட்டேன். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு பாட்டில் ராகமெல்லாம் உதிர்ந்து வெறும் தாளம் மட்டும் நின்றது. அந்த இடத்தில் அடுத்த பாட்டை அரைச்சுரம் மேலே ஏற்றி வைத்திருந்தாள். என் முதுகு தானாக நிமிர்ந்தது. உடனே எண்களைப் பார்த்தேன். நான்கிலிருந்து பதினொன்று; அரைச்சுரம்தான், ஆனால் சக்கரத்தில் ஏழு எண் தள்ளி. தவறு என்று எண்கள் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வேகம் மாறாமல் சுருதியை மட்டும் அரைச்சுரம் இறக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினேன். பதினொன்று நான்காகிவிட்டது. அதே பாட்டு, அதே வேகம், இப்போது சக்கரப்படியும் சரி. அவள் செய்த கோப்பின் மேலேயே இதைச் சேமித்தேன். சரிபார்த்ததாக அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் தன் தொகுப்பைக் கேட்க அவளும் வகுப்புக்கு வந்தாள். நாற்பதாவது நிமிடம் வருவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பப் பாருங்க மதினி” என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு மாறியதே தெரியாமல் மாறியது. பின்வரிசையில் ஒரு பெண்மணி, “ஏங்க்கா, இன்னிக்கு மணி ஓடவே மாட்டேங்குதே, கடிகாரத்துக்கும் லீவா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். “சின்னப் புள்ள, பழகிரும்” என்றார் அக்கா. நாத்தனார் மட்டும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

“நேத்து காலைல கேக்கும்போது தூக்குச்சு மதினி. அங்கன தூக்கலையே. நீங்க சரியாக் கேட்டீகளா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப எங் காதுலதான் கோளாறு.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, “இனிமே சக்கரத்தப் பாத்தே போடுறேன், நீங்க சொன்ன மாதிரி” என்றாள்.

அப்படித்தான் போட்டாள், நான்கு, ஐந்து, ஐந்து, ஆறு என்று. இரண்டு வாரத்தில் அக்கா என்னையே திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார். இப்போது வகுப்பில் ஓடுவது என் தொகுப்பு. நன்றாக இருப்பதாகவே எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் கால் தானாகப் போவதாகச் சொல்லிக் கேட்கவில்லை.

போன வாரம் அவள் கல்லூரி விழாவில் இசை போட அவளைக் கேட்டிருக்கிறார்கள். “எனக்குச் சுருதி பிடிபட மாட்டேங்குது, வேண்டாம்னுட்டேன் மதினி” என்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள். இந்த வெள்ளிக்கிழமை வரை யோசித்துச் சொல்லச் சொன்னார்களாம்.

உண்மையைச் சொன்னால் அவள் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொள்வாள் என்று நம்புகிறேன். என் மகனை முன்போல என்னிடம் சாதாரணமாகக் கேட்டு வாங்குவாளா என்பது தெரியவில்லை. நல்லெண்ணத்தில்தான் மாற்றினேன் என்று பாதியைச் சொல்லலாமா, அதுவும் இன்னொரு ஏமாற்றாகுமா என்றும் தெரியவில்லை. ஒரே வீட்டில் இப்படி ஒன்றைச் செய்துவிட்டு, பிறகு எதிரே உட்கார்ந்து சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.